எச்-இன்டெக்ஸ் 42 என்றால் பெரிய ஆராய்ச்சியாளரா?

வாசகர் கேள்வி – பதில்: மூளை, நரம்பு ஆராய்ச்சி

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்து கிடக்கும் பழைய வட ஆற்காட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்து, ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். பதில்கள் எங்கள் அறிவியல் குழுவினுடையவை.

எங்கள் கல்லூரிக்கு நரம்பியல் விஞ்ஞானி ஒருவர் பேச வருகிறார். அழைப்பிதழில் '180 கட்டுரைகள், 9,000 மேற்கோள்கள், எச்-இன்டெக்ஸ் 42' என்று அச்சடித்திருக்கிறார்கள். 42 பெரிய எண்ணா? எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?
– பி.எஸ்சி. மாணவி, காட்பாடி

கணக்கு எளிது. ஒரு கட்டுரையை இன்னொரு கட்டுரை சுட்டிக்காட்டுவதுதான் மேற்கோள். ஒருவருடைய கட்டுரைகளை, அதிக மேற்கோள் பெற்றது முதலில் வருமாறு இறங்குவரிசையில் எழுதி, பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போடுங்கள். வரிசை எண்ணைவிட மேற்கோள் குறைந்துபோகும் இடத்துக்கு முந்தைய எண்தான் எச்-இன்டெக்ஸ். ஒரு மாதிரி: 120, 64, 31, 18, 9, 7, 6, 6, 2, 0. ஆறாவது கட்டுரைக்கு 7 மேற்கோள், சரி. ஏழாவதுக்கு 6 தான், போதாது. ஆகவே இவருடைய எச்-இன்டெக்ஸ் 6.

இதே பட்டியலை வைத்து இரண்டு சோதனை செய்து பாருங்கள். முதல் கட்டுரையின் 120 மேற்கோள் 1,200 ஆனாலும் விடை 6 தான்; அசையாது. ஆனால் ஏழாவது கட்டுரைக்கு ஒரே ஒரு மேற்கோள் கூடினால் போதும், 7 ஆகிவிடும். அதனால்தான் சிலர் தங்கள் புதுக் கட்டுரையில், இந்த வாசலில் நிற்கும் பழைய கட்டுரையாகப் பார்த்துத் தாங்களே மேற்கோள் காட்டிக்கொள்கிறார்கள். சட்ட விரோதம் இல்லை, ஆனால் பார்த்தால் தெரிந்துவிடும்.

இந்த அளவை 2005-ல் முன்வைத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர், சான் டியாகோவில் இருப்பவர். வயது வித்தியாசத்தைச் சமாளிக்க, எச் எண்ணை ஆய்வு வாழ்க்கையின் ஆண்டுகளால் வகுத்துப் பார்க்கலாம் என்று அவரே சொன்னார். உங்கள் விருந்தினர் முதல் கட்டுரை வெளியிட்டு 14 ஆண்டுகள் என்றால் 42-ஐ 14-ஆல் வகுக்க 3 வரும். 35 ஆண்டுகள் என்றால் 1.2. இரண்டும் வேறு வேறு வேகம். இந்த எண் ஒருபோதும் குறையாது என்பதையும் மறக்க வேண்டாம். ஓய்வு பெற்றுவிட்டாலும் ஏறலாம்.

நரம்பியலுக்குள்ளேயே பிரிவுக்குப் பிரிவு வித்தியாசம் உண்டு. குரங்கின் மூளையில் மின்முனை பதித்துப் பதிவெடுக்கும் ஆய்வகத்தில் ஒரு நல்ல கட்டுரைக்கு நான்கைந்து ஆண்டுகள்கூட ஆகும். பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து செய்யும் ஸ்கேன் ஆய்வில் நூறு, இருநூறு பேர் கூட்டாசிரியர்களாக இருப்பார்கள். அத்தனை பேர் கணக்கிலும் அந்த மேற்கோள்கள் முழுசாகச் சேரும். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல் மற்றவர் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் 'ரிவ்யூ' கட்டுரைகள் வழக்கமாக அதிக மேற்கோள் வாங்கும்.

நரம்பில் மின்துடிப்பு எப்படிப் பிறந்து ஓடுகிறது என்பதை ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையில் அளந்து, 1952-ல் ஐந்து கட்டுரைகளாக எழுதினார்கள். ஒன்றில் பெர்னார்ட் காட்ஸும் கூட்டு. 1963-ல் நோபல் பரிசு வந்தது. அந்த ஐந்து கட்டுரைகளை மட்டும் எழுதிவிட்டு அவர்கள் நிறுத்தியிருந்தால், எச்-இன்டெக்ஸ் இன்றைக்கும் 5 தான் இருந்திருக்கும்.

இன்னொன்று: எந்தத் தளத்தில் எடுத்த எண் என்று கேளுங்கள். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்வரைவு (இதழில் வரும் முன்பே இணையத்தில் போடும் வடிவம்), மாநாட்டுக் கட்டுரை எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வதால் அங்கே எண் பெரிதாக இருக்கும். தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணும் ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளங்களில் அதே ஆளுக்குக் குறைவாக வரும்.

பேச்சுக்கு முன்னால் அரை மணி நேரம் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். அவருடைய ஸ்காலர் பக்கத்தை ஆண்டு வரிசையில் அடுக்குங்கள். ஆரம்ப காலத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒன்று என்று மூன்று கட்டுரைகளின் சுருக்கத்தைப் படியுங்கள். மூன்றும் ஒரே கேள்வியைத் துரத்துகின்றனவா, கிடைத்த நிதிக்கேற்பத் தாவுகின்றனவா என்பது தெரியும். பிறகு, அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையைப் பிற ஆய்வகங்கள் எதற்காகக் குறிப்பிடுகின்றன என்று நான்கைந்தைத் திறந்து பாருங்கள். 'இவர்கள் முறையைப் பயன்படுத்தினோம்' என்றோ 'எங்களுக்கும் அதே முடிவு கிடைத்தது' என்றோ இருந்தால் கனம் உண்டு. முன்னுரையில் ஏழெட்டுப் பெயர்களோடு ஒன்றாக வந்துபோனால், அது வெறும் மரியாதை வணக்கம்.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் நரம்பியல் ஆராய்ச்சி நடக்கிறது என்று சின்ன வயதிலிருந்து கேள்விப்படுகிறேன். அதனால் சாதாரண நோயாளிக்கு ஏதாவது மாறியிருக்கிறதா, இல்லை கட்டுரை எழுதியதோடு சரியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆற்காடு

மாறியிருக்கிறது. பெயர் பெற்ற தொடக்கங்களை முதலில் சொல்லிவிடுகிறோம். 1949-ல் ஜேக்கப் சாண்டி இங்கே தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை. மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்று வந்தவர் அவர். 1951-ல் சென்னையில் உருவான இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவிய நால்வரில் சாண்டி ஒருவர், மற்றவர்கள் பி. ராமமூர்த்தி, பல்தேவ் சிங், எஸ்.டி. நரசிம்மன்.

நோயாளிக்கு என்ன மாறியது என்பதற்கு ஒரே ஒரு ஆய்வை விரிவாகச் சொல்வது நல்லது.

நன்றாக இருந்த ஒருவருக்குத் திடீரென்று வலிப்பு வருகிறது. சிடி ஸ்கேன் எடுத்தால் மூளையில் ஒரே ஒரு சின்ன வளையம், சுற்றிலும் வீக்கம். 1980-களில் இந்தியா முழுக்க இதற்குப் பெரும்பாலும் சொல்லப்பட்ட பெயர் காசநோய்க் கட்டி. உடனே மாதக்கணக்கில் காசநோய் மருந்து. அந்த மருந்துகள் சிலருக்குக் கல்லீரலைக் கெடுக்கும். ஆனால் ஒரு புதிர் இருந்தது. காசநோய் மருந்தே கொடுக்காத பலருக்கும், சில மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் அந்த வளையம் சுருங்கியோ மறைந்தோ போயிருந்தது. காசநோய்க் கட்டி அப்படித் தானாகக் கரைவதில்லை.

வேலூரில் மேத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் குழுவினர் செய்தது, அந்தக் கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தது. பெரும்பாலானவற்றில் காசநோய் இல்லை. பன்றி நாடாப்புழுவின் இளம்புழு (லார்வா) மூளையில் போய்த் தங்கி, செத்துக்கொண்டிருக்கும்போது உடல் காட்டும் எதிர்ப்பு அது. சிஸ்டிசெர்க்கஸ் கட்டி என்பார்கள். 1991-ல் இதைப் பதிவு செய்தார்கள்.

அதோடு நின்றிருந்தால் ஒவ்வொரு நோயாளிக்கும் மண்டையைத் திறந்துதான் உறுதிசெய்ய வேண்டியிருக்கும். அடுத்த வேலைதான் முக்கியம். 1993-ல், திறக்காமலேயே பிரித்தறிய ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். கட்டி ஒன்றே ஒன்று. அளவு 20 மில்லிமீட்டருக்குள். ஓரம் ஒழுங்கான வட்டம். மூளையின் நடுக்கோடு நகரவில்லை. மண்டைக்குள் அழுத்தம் கூடியதற்கான தலைவலி, வாந்தி, பார்வைக் கோளாறு இல்லை. கை கால் பலவீனம் நாளுக்கு நாள் கூடவில்லை. இத்தனையும் பொருந்தினால் சிஸ்டிசெர்க்கஸ் என்று எடுத்துக்கொண்டு, வலிப்பு மருந்து மட்டும் கொடுத்து, சில மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் பார்க்கலாம். 20 மில்லிமீட்டருக்கு மேல், கரடுமுரடான ஓரம், நடுக்கோடு நகர்ந்திருக்கிறது என்றால் காசநோய்ப் பக்கம் யோசிக்க வேண்டும்.

மூன்றாவது படி, பலரும் விட்டுவிடுவது. தாங்கள் வகுத்த விதியைப் புதிய நோயாளிகளிடம் பொருத்தி, பிறகு என்ன ஆனது என்று தொடர்ந்து பார்த்து, 1997-ல் அந்த முடிவையும் வெளியிட்டார்கள். எந்த நோயாளிகளை வைத்து விதி எழுதப்பட்டதோ அவர்களுக்கே அது பொருந்துவதில் ஆச்சரியமில்லை. புதியவர்களுக்கும் பொருந்தினால்தான் அது விதி.

பிறகு ஆஸ்பத்திரியை விட்டு ஊருக்குள் போனார்கள். வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் விசாரித்த ஆய்வு 2006-ல் வந்தது. ஆயிரத்தில் ஏறக்குறைய 4 பேருக்கு வலிப்பு நோய். அவர்களில் மூன்றில் ஒருவருக்குக் காரணம் இந்தப் புழு.

'நான் பன்றிக்கறி சாப்பிடுவதே இல்லை, எனக்கு எப்படி?' என்று கேட்பவர்கள் உண்டு. சரியாக வேகாத பன்றிக்கறியால் குடலில் நாடாப்புழு வரும். மூளைக்கு வருவது வேறு வழி. குடலில் புழு உள்ளவரின் மலத்திலிருக்கும் முட்டை, தண்ணீர் வழியாகவோ கழுவாத கீரை, கொத்தமல்லி வழியாகவோ வாயில் போக வேண்டும். ஆகவே சைவர்களுக்கும் வரும். கழிப்பறைக்குப் போய் வந்தவர் கை கழுவாமல் சமைத்தாலும் வரும்.

இந்த ஆய்வின் பலன் மேற்கோள் எண்ணிக்கையில் பாதிகூடத் தெரியாது. குடியாத்தத்திலோ திருப்பத்தூரிலோ ஸ்கேனைப் பார்த்து, 'காசநோய் மருந்து வேண்டாம்' என்று முடிவெடுக்கும் டாக்டர் கட்டுரை எழுதுவதில்லை. செய்யாமல் விட்ட அறுவை சிகிச்சையை எந்தத் தளமும் எண்ணுவதில்லை. ஒரு எச்சரிக்கை: மேலே சொன்ன அளவுகோலை வைத்து வீட்டிலேயே ஸ்கேன் படித்து மருந்தை நிறுத்த வேண்டாம். ஒரு நிபந்தனை தவறினாலும் விதி பொருந்தாது.

மற்றவை சுருக்கமாக. சிஎம்சியின் நரம்பு வேதியியல் ஆய்வகத்தை வளர்த்தவர் பி.கே. பச்சாவத், 1962-ல் பட்நாகர் பரிசு பெற்றவர். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-ல், நம் வட ஆற்காட்டில். தொழுநோயில் விரல்கள் 'அழுகி விழுவது' கிருமியால் மட்டும் அல்ல, வலி உணர்வு செத்துப்போனதால் தெரியாமல் படும் காயங்களால் என்று இங்கே நிறுவியவர் பால் பிராண்ட். இன்று சர்க்கரை நோயாளியின் பாதத்துக்குச் சொல்லப்படும் பராமரிப்பிலும் அந்தக் கருத்து இருக்கிறது.

விபத்தில் என் கணவருக்கு முழங்காலுக்குக் கீழே கால் எடுத்துவிட்டார்கள். இல்லாத பாதம் எரிகிறது என்கிறார். கண்ணாடி வைத்து இதைச் சரிசெய்யும் முறையைத் தமிழ்நாட்டு விஞ்ஞானி கண்டுபிடித்தார் என்று படித்தேன். உண்மையா? வீட்டில் செய்யலாமா?
– இல்லத்தரசி, சத்துவாச்சாரி

உண்மை. வி.எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்று, சான் டியாகோவில் பேராசிரியரானவர். அவருடைய ஆய்வு வாழ்க்கையின் முதல் பகுதி முழுக்கப் பார்வை பற்றியது. 1990-களில்தான் 'மாய உறுப்பு' (இழந்த உறுப்பு இன்னும் இருப்பதாக உணர்வது) பக்கம் வந்தார். கண்ணாடிச் சோதனை பற்றிய முக்கியக் கட்டுரை 1996-ல், டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரனோடு சேர்ந்து எழுதியது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லாமல், அட்டைப் பெட்டியும் கண்ணாடியும் வைத்துச் செய்த ஆய்வு.

மாய உறுப்பு உணர்வுக்கு அவர் சொன்ன விளக்கம்: மூளையின் உணர்வு வரைபடத்தில் கைக்குரிய இடத்துக்குப் பக்கத்தில் முகத்துக்குரிய இடம் இருக்கிறது, கை போனபின் அண்டை இடம் அதை ஆக்கிரமிக்கிறது. அந்த வரைபடத்தை வரைந்தவர், மேலே சொன்ன ஜேக்கப் சாண்டியின் ஆசான் பென்ஃபீல்ட். ஆனால் 2013-ல் தமார் மேக்கின் குழு, மாய வலி அதிகமுள்ளவர்களின் மூளையில் அந்தக் கை இடம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது என்று ஸ்கேனில் காட்டியது. விளக்கம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. சிகிச்சை அதற்காகக் காத்திருக்கவில்லை. 2007-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் கால் இழந்த 22 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, தினம் 15 நிமிடம் வீதம் 4 வாரம் சோதித்தார்கள். கண்ணாடியை நேராகப் பார்த்த குழுவுக்கு வலி குறைந்தது, மூடிய கண்ணாடி வைத்த குழுவில் அப்படி இல்லை. சின்ன ஆய்வு. பின்னர் வந்தவற்றில் பலன் கூடியும் குறைந்தும் இருக்கிறது. எல்லோருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் செய்யலாம், ஆனால் முதலில் மறுவாழ்வு மருத்துவரிடம் (பாகாயத்தில் சிஎம்சியின் மறுவாழ்வு மையம் இருக்கிறது) காட்டி, இது மாய வலிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். எஞ்சிய காலிலேயே வலி என்றால் காரணம் புண், நரம்பு முடிச்சு, பொருந்தாத செயற்கைக் கால் என்று வேறாக இருக்கும். கண்ணாடி அதற்கு உதவாது.

தேவை: சுமார் 4 அடி உயரம், ஒன்றரை அடி அகலமுள்ள தட்டையான கண்ணாடி. ஓரங்களை மழுங்க அரைத்து டேப் ஒட்டச் சொல்லுங்கள். மெல்லிய அக்ரிலிக் தகடு வேண்டாம். வளைந்தால் பிம்பம் கோணலாகி, மூளை ஏமாற மறுக்கும். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, இரு காலுக்கும் நடுவில் நீளவாக்கில் கண்ணாடியை நிறுத்துங்கள். நல்ல காலின் பக்கம் பளபளப்பு. எடுத்த கால் பின்னால் மறைந்திருக்க வேண்டும். நல்ல காலில் கயிறு, கொலுசு, சாக்ஸ் எதுவும் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

பிம்பத்தைப் பார்த்தபடியே பாதத்தை மெதுவாக மேலே, கீழே, உள்ளே, வெளியே அசைக்க வேண்டும். விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். அதே நேரத்தில் இல்லாத பாதத்தையும் அசைப்பதாக நினைத்து முயல வேண்டும். இதை விட்டுவிட்டு வெறுமனே கண்ணாடி பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. முதல் சில நாள் 5 நிமிடம். பிறகு 15 நிமிடம், தினமும். டிவியை அணைத்துவிடுங்கள். சிலருக்கு முதல்முறை தலைசுற்றும், சிலருக்கு அழுகை வரும். நிறுத்திவிட்டு மறுநாள் தொடரலாம். வலி தொடர்ந்து கூடினால் விட்டுவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். மாயப் பாதம் முட்டிக்கு அருகில் சுருங்கி நிற்பதாக உணர்பவர்களுக்குப் பிம்பமும் உணர்வும் பொருந்தாது. பலன் குறைவாகவே இருக்கும்.

பிளஸ் டூ படிக்கும் மகள் 'மூளை விஞ்ஞானி' ஆக வேண்டும் என்கிறாள். நீட் எழுதாவிட்டால் வழி இல்லை என்கிறார் டியூஷன் வாத்தியார். சரியா?
– ஒரு தந்தை, குடியாத்தம்

தவறு. மருத்துவம் ஒரு வழி, எம்.பி.பி.எஸ்., பிறகு எம்.டி., அதன்பின் 3 ஆண்டு டி.எம். நரம்பியல். நோயாளியைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்யலாம். நேரம்தான் கிடைக்காது.

இன்னொரு வழி நேராக ஆராய்ச்சி. இயற்பியல், கணிதம், உயிரியல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் எதிலிருந்தும் மூளை ஆய்வுக்கு வரலாம். ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி) நிறுவனங்களுக்கு நுழைவுத் தேர்வு தனி. உள்ளூரில் பி.எஸ்சி. முடித்து, ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம். ஆய்வுப் பட்டத்துக்கு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட், கேட், பெங்களூரு என்சிபிஎஸ், டிஐஎஃப்ஆருக்கான ஜீபில்ஸ் தேர்வு. மூளை ஆய்வுக்குப் பார்க்க வேண்டிய இடங்கள்: பெங்களூரு நிம்ஹான்ஸ், இந்திய அறிவியல் கழகத்தின் நரம்பியல் மையம், ஹரியானா மானேசரில் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை மையம். கருவிலுள்ள சிசுவின் மூளையை 5,132 வெட்டுப் படங்களாக டிஜிட்டலில் தொகுத்து 2024 டிசம்பரில் வெளியிட்டது அந்தச் சென்னை மையம்தான்.

நெட் தேறி ஜேஆர்எஃப் (ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. ஆய்வுப் பட்டத்துக்கு 5, 6 ஆண்டு. அதன்பின் முதுமுனைவர் பணி என்று வெளிநாட்டிலோ இங்கோ 3 முதல் 6 ஆண்டு. சொந்த ஆய்வகம் அமையும்போது வயது முப்பத்தைந்தைத் தொட்டிருக்கும். கல்யாணப் பேச்சை எப்போது எடுப்பது என்பதையும் வீட்டில் இப்போதே பேசிவிடுவது நல்லது.

இப்போதே தொடங்க வேண்டியவை இரண்டு: புள்ளியியல், பைத்தான். உயிரியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நான் ஆய்வு மாணவன். மூன்று கட்டுரை வந்திருக்கிறது, ஆனால் தேடினால் மூன்றும் வேறு வேறு ஆளுடையது போல் காட்டுகிறது. தவிர, வேலையே செய்யாத ஒருவர் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார்கள். என்ன செய்வது?
– ஆய்வு மாணவர், தொரப்பாடி

முதல் பிரச்சினை நம் இனிஷியலால் வருவது. செந்தில், அப்பா பெயர் முருகன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கட்டுரையில் 'எம். செந்தில்', அடுத்ததில் 'செந்தில் எம்.', மூன்றாவதில் பாஸ்போர்ட்டில் இருப்பது போல் 'செந்தில் முருகன்'. தரவுத்தளங்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வதால், 'செந்தில் எம்', 'எம் எஸ்', 'முருகன் எஸ்' என்று மூன்று பேர் பிறந்துவிடுகிறார்கள்.

ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இனிஷியலை விரித்து எழுதுவதே பாதுகாப்பு. ஆர்க்கிட் (ORCID) தளத்தில் இலவசமாக 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் வாங்கி, ஒவ்வொரு முறை கட்டுரை அனுப்பும்போதும் அதைக் கொடுங்கள். ஸ்கோப்பஸில் சிதறிய பக்கங்களை ஒன்றாக்கக் கோரிக்கை வைக்கலாம், கட்டணம் இல்லை. கூகுள் ஸ்காலரில் 'தானாகச் சேர்' என்பதை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேறொரு செந்திலின் மண்ணியல் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறும். பெண்களுக்கு ஒன்று: கல்யாணத்துக்குப் பின் ஆதாரில் எப்படி மாற்றினாலும், கட்டுரைப் பெயரில் அப்பாவின் இனிஷியலை மாற்ற வேண்டாம்.

இரண்டாவது. நரம்பியலில் முதல் பெயர் வேலையைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் வருபவர்கள் ஒரு பகுதிக்கு உதவியவர்கள். மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வின் திட்டத்திலோ தரவிலோ கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், உள்ளடக்கத்துக்குப் பொறுப்பேற்பு. நான்கும் வேண்டும். கருவி கொடுத்தார், நிதி வாங்கித் தந்தார் என்றால் நன்றியுரையில் இடம்.

நேரடியாக மறுத்தால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் சண்டை போடாமல் தாளைப் பேச விடுங்கள். பல ஆய்விதழ்கள் 'யார் என்ன செய்தார்' என்று தனிப் பத்தி கேட்கின்றன. அதை வரைவில் முதலிலேயே எழுதி, 'சார், உங்க பங்களிப்பா என்ன போடட்டும்?' என்று பணிவாகக் கேட்டு அனுப்புங்கள். பலர் அங்கேயே விலகிக்கொள்வார்கள். அடுத்த ஆய்வுக்கு, தரவு சேகரிப்பு தொடங்கும் முன்பே பெயர் வரிசையை மின்னஞ்சலில் பேசி வைத்துவிடுங்கள்.

'உங்கள் கட்டுரையை 7 நாளில் வெளியிடுகிறோம், இம்பாக்ட் ஃபேக்டர் 7.2, கட்டணம் 9,000 ரூபாய்' என்று மெயில் வருகிறது. நம்பலாமா?
– கல்லூரி விரிவுரையாளர், ஆம்பூர்

ஏழு நாள் என்ற ஒரு சொல்லே போதும். இரண்டு மூன்று வல்லுநர்கள் படித்து, திருத்தம் கேட்டு, நீங்கள் மாற்றி அனுப்பி முடிய வாரங்கள், பெரும்பாலும் மாதங்கள் ஆகும்.

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஆய்விதழுக்கான சராசரி. 2024-க்கான எண் வேண்டுமென்றால், 2022, 2023-ல் அந்த இதழ் வெளியிட்டவற்றுக்கு 2024-ல் கிடைத்த மேற்கோள்களை, அந்த இரண்டு ஆண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். கிளாரிவேட் நிறுவனம் வெளியிடுவதுதான் அசல். மற்ற 'ஃபேக்டர்'கள் காசுக்குக் கிடைக்கும். அசலாகவே இருந்தாலும், பள்ளியின் தேர்ச்சி விகிதத்தை வைத்து ஒரு பிள்ளையின் கணக்கு மார்க்கைச் சொல்ல முடியாது. கட்டுரையை இதழின் எண்ணால் எடை போடாதீர்கள் என்று 2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களே அறிக்கை தயாரித்தார்கள்.

சோதிக்க: இதழின் ஐஎஸ்எஸ்என் (இதழ்களுக்கான அடையாள) எண்ணை அதற்கான பன்னாட்டுத் தளத்தில் தேடுங்கள். நரம்பியல் இதழ் என்றால் மெட்லைன் என்ற மருத்துவத் தரவுத்தளத்தில் இருக்கிறதா என்று அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் பாருங்கள். ஆசிரியர் குழுவில் இரண்டு பேரைப் பிடித்து, அவர்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்தப் பொறுப்பு குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல இதழின் பெயரிலேயே போலித் தளம் நடத்துபவர்கள் உண்டு. அதனால் மெயிலில் வந்த இணைப்பை அழுத்தாமல், ஸ்கோப்பஸ் பட்டியல் வழியாகத் தளத்துக்குப் போங்கள். ஏற்கத்தக்க இதழ்கள் என்று வைத்திருந்த யுஜிசி-கேர் பட்டியலை 2025-ல் யுஜிசி கைவிட்டுவிட்டது. 'கேர் அங்கீகாரம்' என்று இன்னும் விளம்பரம் செய்தால் அதுவே ஓர் அடையாளம்.

ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள் என்றால் பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். திரும்பப் பெறுவதாக எழுத்தில் அனுப்பி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். 'திரும்பப் பெறக் கட்டணம்' கேட்பார்கள், கொடுக்க வேண்டாம்.

'காதலிக்கும்போது மூளையில் இந்த இடம் எரிகிறது' என்று டிவியில் வண்ணப் படம் காட்டுகிறார்கள். நம்புவதா?
– வாசகர், ஆரணி

அந்த வண்ணம் நரம்பின் மின்னோட்டம் இல்லை. அந்தப் படத்தை எடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் அளப்பது ரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை; அது சில நொடி பின்தங்கியே வரும். மூளையை 50,000 சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதித்தால், நூற்றுக்கு 5 தவறு என்ற வழக்கமான வரம்பில் 2,500 கட்டங்கள் சும்மாவே 'எரியும்'. இதைக் கிண்டல் செய்ய, கிரெய்க் பென்னட் குழு செத்துப்போன சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, மீன் மூளையிலும் 'செயல்பாடு' கண்டுபிடித்தது. இத்தனை சோதனைகளுக்கான புள்ளியியல் திருத்தம் போட்டதும் அது மறைந்தது. 2012-ல் இக்நோபல் (சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுக்கான கிண்டல் பரிசு) கிடைத்தது.

அடுத்த முறை செய்தி வந்தால் இரண்டு கேள்வி: எத்தனை பேரை ஸ்கேன் செய்தார்கள்? வேறு குழு திரும்பச் செய்து பார்த்ததா? 2013-ல் வந்த ஓர் அலசலின்படி, நரம்பியல் ஆய்வுகளில் உண்மையான விளைவைக் கண்டுபிடிக்கும் திறன் இடைநிலையாக 21 சதவீதம்தான். ஆட்கள் குறைவு என்பதே முக்கியக் காரணம்.

ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்ற ஆய்வு தவறாக இருக்க முடியுமா?
– வாசகி, வாலாஜாபேட்டை

முடியும். மூளையின் முன்பகுதி நரம்பு இணைப்புகளை அறுத்து மனநோயைக் குணமாக்கலாம் என்ற முறைக்காக ஏகாஸ் மோனிஸுக்கு 1949-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். பிறகு உலகம் அதைக் கைவிட்டது. அண்மை உதாரணம், அல்சைமர் நோயில் ஞாபகத்தைக் கெடுப்பது ஒரு குறிப்பிட்ட அமிலாய்டு புரதத் திரள் என்று 2006-ல் 'நேச்சர்' வெளியிட்ட கட்டுரை. 2,000-க்கும் மேல் மேற்கோள் பெற்றது. அதன் படங்களில் கைவைத்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் 2022-ல் வெளிவந்தது. 2024-ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

திரும்பப் பெற்ற கட்டுரையின் மேற்கோள்கள் அழிவதில்லை. எச்-இன்டெக்ஸிலும் அப்படியே நிற்கும். பழைய பிடிஎஃப் கையில் வைத்திருப்பவர் தெரியாமல் மறுபடியும் மேற்கோள் காட்டுவார். எந்தக் கட்டுரையைக் குறிப்பிடும் முன்பும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளத்தில் அதன் பக்கத்தை ஒருமுறை திறந்து, மேலே சிவப்புப் பட்டையில் திரும்பப் பெற்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.